தாளும் தகடும்

எங்கள் ஊர் ராயகிரி, சிவகிரிக்கு அண்மையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. தென்னை, எலுமிச்சை, கரும்பு என்று பேசும் ஊரே தவிர, மோட்டார் காரின் மூலத்தை ஆராயும் ஊர் அன்று. ஆயினும் 2023-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், எங்கள் பெரியப்பாவின் மாட்டுத் தொழுவத்தில் ஒரு காரின் பிறப்பைப் பற்றி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வழக்கு நடந்தது. அந்த வழக்கு கிளப்பிவிட்ட கேள்விதான் இக்கட்டுரை. பழைய கார் ஒன்றைப் பற்றி அதைச் செய்த தொழிற்சாலையே கொடுக்கும் சான்றிதழை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே அது.

வழக்குக்குள்ளான வண்டி 1968-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பெரியப்பா அதை 1981-இல் செகண்ட்ஹேண்டில் வாங்கினார். புளியங்குடிக் கமிஷன் கடைக்கு எலுமிச்சை மூட்டை சுமந்தது. உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை அழைப்புக்குப் போனது. கடைசிப் பத்தாண்டு கோழிகள் அடைய இடமாக இருந்தது. அதை விலைக்குக் கேட்டு மதுரையிலிருந்து ஓர் அன்பர் வந்தார். பழைய கார்களைச் சேகரிப்பவர். வெளிநாட்டில் செய்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் அவரிடம் இருந்தது. அந்தக் காருக்குத் தொழிற்சாலைப் பதிவுகளிலிருந்து பெற்ற ‘உண்மைச் சான்றிதழ்’ ஒன்றை அழகாக லேமினேட் செய்து கையோடு கொண்டு வந்திருந்தார். “கார் வாங்கினால் இப்படித் தாளோடு வாங்க வேண்டும் தம்பி” என்று என்னிடம் காட்டினார்.

பிறகு ஹெரால்டின் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, எஞ்சின் எண்ணோடு ஒப்பிட்டார். எண் ஒத்து வரவில்லை. கூட வந்த மெக்கானிக், எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தார். ஐயத்துக்கு இடமில்லை, புத்தகத்தில் ஓர் எண், இரும்பில் வேறோர் எண். “ஒட்டுப்போட்ட வண்டி” என்று மெக்கானிக் சொன்ன சொல்லைவிட, அதைச் சொல்லும்போது பெரியப்பாவை அவர் பார்த்த பார்வைதான் எங்களைச் சுட்டது. எழுபத்தெட்டு வயதில் ஒரு மனிதரைத் திருட்டு வண்டி வைத்திருந்தவரைப் போல நிற்க வைத்துவிட்டார்கள்.

நான் வரலாற்று மாணவன். தாளைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது. மதுரை அன்பரின் சான்றிதழையும், அவர் கைப்பேசியில் பெருமையோடு காட்டிய அவருடைய காரின் எஞ்சின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். சான்றிதழில் வண்ணம் வெள்ளை, கார் சிவப்பு. அது போகட்டும், வண்ணம் மாற்றியிருக்கலாம். ஆனால் எஞ்சின் எண்ணில் ஓர் இலக்கம் தாளில் 3, இரும்பில் 8. நான் அதைச் சுட்டியபோது அவர் சிரித்து, “குமாஸ்தா கைப்பிழையாக இருக்கும்” என்றார். திண்ணையில் இருந்த பெரியப்பா அப்போதுதான் வாய் திறந்தார்: “ஒங்க தாள்ல இருந்தா கைப்பிழை, எங்க புத்தகத்துல இருந்தா களவா?”

அன்றைக்கு அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும் கல்லூரிக்குத் திரும்பிய பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன்.

முதலில் இத்தகைய சான்றிதழ் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். எந்த மோட்டார் தொழிற்சாலையிலும் ஒவ்வொரு வண்டிக்கும் பேரேட்டில் ஒரு வரி இருக்கும். அல்லது பெட்டியில் ஓர் அட்டை இருக்கும். அடிச்சட்ட எண், எஞ்சின் எண், வண்ணம், இருக்கைத் தோலின் நிறம், கூடுதலாகப் பொருத்தியவை, முடித்த நாள், அனுப்பிய ஊர் ஆகியவை அதில் அடங்கும். ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் தன் 356 வகைக் கார்களுக்கு வைத்திருந்த அட்டைகளைக் ‘கார்டெக்ஸ்’ என்பார்கள். எம்.ஜி., ட்ரையம்ப் முதலிய பிரிட்டானியக் கார்கள் பலவற்றின் பேரேடுகள் இன்று இங்கிலாந்தில் கேடன் என்னுமிடத்தில் உள்ள மோட்டார் அருங்காட்சியகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. நாம் எண்ணை எழுதிப் பணம் கட்டினால் அந்த வரியைப் படித்துச் சான்றாக எழுதி அனுப்புவார்கள்.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வாறு அஞ்சலில் வரும் சான்றை எழுதுபவர் நம் காரைக் கண்ணால் கண்டதில்லை. நாம் சொன்ன எண்ணுக்கு எதிரே ஏட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்கிறார், அவ்வளவே. நம் பத்திரப்பதிவு அலுவலகம் தரும் வில்லங்கச் சான்று போன்றது அது. அந்தச் சர்வே எண்ணில் பதிவான பத்திரங்களை அது சொல்லும். வயலில் இப்போது யார் உழுகிறார், வரப்பு எத்தனை அடி நகர்ந்திருக்கிறது என்று சொல்லாது. எனவே ‘இந்த எண்ணுள்ள கார் இன்ன நாளில் வெள்ளை நிறத்தோடு வெளியேறியது’ என்பது ஒரு செய்தி. ‘உம் வீட்டில் நிற்பது அந்தக் கார்தான்’ என்பது முற்றிலும் வேறொரு செய்தி. முதற்செய்தியைத் தாங்கிய தாளுக்கு இரண்டாம் செய்தியின் விலையைக் கொடுத்து வாங்குகிறார்கள் என்பதே இத்துறையின் பெரிய குழப்பம். போர்ஷே நிறுவனம் அமெரிக்காவில் பல ஆண்டுகள் ‘உண்மைச் சான்றிதழ்’ என்ற பெயரிலேயே தாள் கொடுத்து வந்தது. பிற்பாடு அந்தப் பெயரைக் கைவிட்டு, ‘உற்பத்தி விவரங்கள்’ என்ற பொருள்படும் பெயரில் கொடுக்கலாயிற்று. தாள் எதைச் சொல்ல வல்லதோ அதற்குப் பொருந்தும் பெயர் இரண்டாவதுதான் என்பது என் எண்ணம்.

சரி, ஏடு சொல்லும் அந்த முதற்செய்தியாவது பிழையற்றதா? அங்கும் வழுக்கல் உண்டு. ஏட்டை எழுதியவர் பட்டறை ஓசைக்கு நடுவே நின்று எழுதியவர். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு விலையுயர்ந்த ஆவணமாகும் என்று எண்ணி அவர் எழுதவில்லை, சம்பளத்துக்கு எழுதினார். 3-ம் 8-ம், 1-ம் 7-ம் கையெழுத்தில் ஒன்றுபோல் தோன்றும். கையேடு நுண்படச் சுருளாகி, சுருள் கணிப்பொறிக்கு ஏறும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு கண், ஒரு கை குறுக்கிடுகிறது. பழைய கோயில்களைப் புதுப்பித்தபோது சுவரிலிருந்த பழங்கல்வெட்டைப் படியெடுத்து மீண்டும் வெட்டியிருக்கிறார்கள் என்று வகுப்பில் படித்தோம். படியெடுத்தவன் விட்ட எழுத்தை ஆராய்ச்சியாளர் இன்று தேடுகிறார்கள். கார் ஏட்டின் கதையும் அதுவே.

இன்னொன்று, வண்டி வெளியேறிய பின் நடப்பது. உத்தரவாதக் காலத்திலேயே எஞ்சின் பழுதாகி வேறு எஞ்சின் பொருத்தியிருக்கலாம். போர்ஷேயின் கார்டெக்ஸ் அட்டைகளில் இத்தகைய பழுதுகள் சிலவற்றைக் குறித்துவைத்திருக்கிறார்கள். எல்லாத் தொழிற்சாலையும் அப்படிக் குறிக்கவில்லை. பந்தயக் கார்களின் நிலைமை இன்னும் மோசம். பந்தயக் குழுவுக்கு வேண்டியது வெற்றி, வரலாறு அன்று. விபத்தில் நசுங்கிய உடற்கூட்டைத் தூக்கியெறிந்து புதுக்கூட்டில் பழைய எண்ணைப் பொருத்துவார்கள். சுங்கச் சாவடியில் காட்ட வேண்டிய காகிதத்தில் எந்த எண் இருக்கிறதோ அந்த எண்ணுள்ள தகட்டைக் கையில் கிடைத்த வண்டியில் அறைந்து எல்லையைக் கடந்த குழுக்களும் உண்டு. அப்படிப்பட்ட வண்டிக்கு ஏட்டைப் பார்த்து எழுதிய சான்று, ஆள்மாறாட்டம் செய்தவனுக்குக் கொடுத்த நன்னடத்தைச் சான்று போலத்தான்.

இதனால் தாளே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தாளைத் தவிர வேறு சாட்சியே இல்லாத வண்டிகளும் உண்டு. அமெரிக்காவின் பான்டியாக் ஜி.டி.ஓ. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. (ஃபெராரியிடமிருந்து அந்தப் பெயரை இரவல் வாங்கிக்கொண்டார்கள். கொஞ்சமும் கூச்சப்படவில்லை.) 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஜி.டி.ஓ. என்பது தனி வண்டி அன்று. லெமான்ஸ் என்னும் வண்டிக்குக் கூடுதல் பணம் கட்டிப் பெறும் ஒரு தொகுப்பு. ஆதலால் வண்டி எண்ணைப் பார்த்தால் சாதாரண லெமான்ஸும் ஜி.டி.ஓ.வும் ஒன்றே. தனி எண் வரிசை 1966-இல்தான் வந்தது. இன்று ஒரு சாதாரண லெமான்ஸின் மேல் ஜி.டி.ஓ. எழுத்துகளை ஒட்டி, பெரிய எஞ்சினைப் பொருத்தி விற்பவனைப் பிடிக்க, அன்றைய தொழிற்சாலைப் பட்டியலின் நகலே வழி. இரும்பு அங்கே ஊமை. தாள்தான் பேச வேண்டும்.

இதற்கு நேர் எதிராக, இரும்பு பேசி அகப்படுத்திவிடும் சந்தர்ப்பமும் உண்டு. அமெரிக்க எஞ்சின் சிலவற்றில் எண் பொறிக்கும் சமதளத்தில், அதைச் சீவிய இயந்திரம் விட்டுச்சென்ற நுண்ணிய இணைகோடுகள் இருக்கும். பழைய எண்ணைத் தேய்த்துப் புதிய எண்ணைக் குத்துபவன் அந்தக் கோடுகளையும் தேய்த்துவிடுகிறான். எண் சரியாக இருக்கும், கோடு இராது. செவ்ரலே கார்வெட்டில் 1967 முதல் பெட்ரோல் டாங்கின் மேலேயே கட்டளைத் தாளை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். டாங்கைக் கழற்றினால் அரைகுறையாக மக்கிய நிலையில் அது கிடைக்கும். கிடைத்தவர் அதைப் புதையல் போல் கொண்டாடுகிறார்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். காரணம் பணம். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. என்னும் காரை 1962 முதல் 1964 வரை, மூன்று லிட்டர் எஞ்சினோடு 36 மட்டுமே செய்தார்கள். அவற்றுள் ஒன்று 2018-இல் அமெரிக்காவில் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இரும்பையும் அலுமினியத்தையும் எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்காரர் சொல்வார். மீதி முழுவதும் ‘இதுதான் அது’ என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை.

ஃபெராரி நிறுவனம் அஞ்சலில் எண்ணைப் பார்த்து எழுதிக்கொடுப்பதோடு நிற்கவில்லை. தன் பழைய வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு வைத்து, வண்டியை நேரில் சோதித்து, அடிச்சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ், உடற்கூடு ஆகியவற்றைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுச் சான்று தருகிறது. இது மேலான முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே பிரிவு பழைய வண்டிகளைப் பழுதுபார்த்தும் தருகிறது. எஞ்சின் தொலைந்துபோன வண்டிக்குப் பழைய வரைபடத்தின்படி புதிய எஞ்சின் உறுப்புகளைச் செய்தும் தருகிறது. அப்படிச் செய்தது, ‘தொழிற்சாலை வகுத்தபடியே இருக்கிறது’ என்ற பொருளில் சரியானதே. ‘அன்று ஓடிய அதே இரும்பு’ என்ற பொருளில் சரியன்று. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். பழுதுபார்க்கும் கையும் தீர்ப்பெழுதும் கையும் ஒரே உடலில் இருப்பது எனக்கென்னவோ நெருடலாகவே படுகிறது.

ஜாகுவார் நிறுவனம் செய்தது இதைவிடச் சுவையானது. 1963-இல் எடை குறைந்த ஈ-டைப் பந்தயக் கார்கள் 18 செய்வதாகத் திட்டமிட்டு எண்களையும் ஒதுக்கினார்கள். 12 மட்டுமே செய்தார்கள். மிச்சமிருந்த 6 எண்களுக்கு 2014-இல், ஐம்பதாண்டு கழித்து, அதே நிறுவனம் அதே முறையில் புதுக்கார்கள் செய்து விற்றது. அதில் மறைவேதும் இல்லை. புதியவை என்று சொல்லித்தான் விற்றார்கள். எண்ணும் தொழிற்சாலையுடையது, காரும் தொழிற்சாலையுடையது. ஆனால் 1963-இல் பந்தயம் ஓடிய கார் அது அன்று. இன்னும் நூறாண்டு கழித்து, ஏட்டை மட்டும் பார்க்கும் ஒருவர் என்ன எழுதுவார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

தொழிற்சாலையையும் தாண்டி நீதிமன்றம் வரை போன வழக்கு ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்னும் பென்ட்லி காருடையது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிரான்சின் லெமான் 24 மணிப் பந்தயத்தில் வென்ற வண்டி. அதன் பிறகு அடிச்சட்டம் மாறிற்று, எஞ்சின் மாறிற்று, உடற்கூடு மாறிற்று. 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் உயிரிழந்தார். மீண்டும் வேறு உருவில் எழுந்தது. 1990-இல் ஒரு நிறுவனம் அதை 1 கோடி பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் செய்துவிட்டு, ‘இது அந்தக் கார் அன்று’ என்று பணம் தர மறுத்தது. இலண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் விசாரித்தார். 1929-ஆம் ஆண்டுக் காரின் உறுப்புகள் மிகச் சிறிதே எஞ்சியிருந்தன என்பதை அவர் ஏற்றார். ஆயினும் இடையறாத வரலாறு அந்த வண்டிக்கு இருக்கிறது. ஒரு நாளும் அது அழிந்து வேறொன்றாகப் பிறக்கவில்லை. ஆகவே இதுவே ஓல்டு நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். எந்த உறுப்பு எப்போது ஏன் மாறியது என்பதற்கான சாட்சியமே அங்கே வழக்கை வென்றது.

இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குத் தொழுவத்து ஹெரால்டு நினைவுக்கு வந்தது. ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று யாரும் சொல்லார். ஆனால் அதன் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. மதராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைச் செய்தது. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களில் ஃபியட், அம்பாசடர் வண்டிகளோடு மாற்றியமைத்த ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. இவ்வண்டியின் உடற்கூடு ஒரே வார்ப்பு அன்று. துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைத்தது. முன்மூடி முழுவதும் முன்பக்கமாக எழும்பித் திறக்கும். ஒரு வண்டியின் முன்மூடியை இன்னொரு வண்டிக்கு ஒரு பகற்பொழுதில் மாட்டிவிடலாம். மெக்கானிக்குக்கு வரம், சான்றிதழ் எழுதுபவருக்குச் சாபம்.

நம் ஹெரால்டுக்கு இன்று தாள் கொடுக்கவும் ஆள் இல்லை. மதராஸ் நிறுவனம் 1980-களின் இறுதியில் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இங்கே செய்த வண்டிக்கு இங்கிலாந்தின் பேரேடு பேசாது. எஞ்சியிருப்பது ஆர்.சி. புத்தகம் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்குப் பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதித்திருத்தத்தின்படி, 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் பெரிய மாற்றமின்றி இருக்கும் வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிந்து ‘வி.ஏ.’ எழுத்துகளோடு எண் பெறலாம். புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டுக்குச் செல்லும். மதுரை அன்பர் ஹெரால்டைத் தேடி வந்தது இதற்காகத்தான். எண் ஒவ்வாமை அவருக்கு ஏன் அவ்வளவு பெரிதாகப்பட்டது என்பதும் இதனால் விளங்கும். எஞ்சினை மாற்றியதைப் புத்தகத்தில் ஏற்றாமல் விட்டது பெரியப்பாவின் பிழையே. அதை நான் மறைக்கவில்லை.

அவர் ஜூன் மாதத்தில் மறுபடி வந்தார். இம்முறை மெக்கானிக்கை அழைத்து வரவில்லை. பெரியப்பா என்னை உட்காரவைத்து, முழுத்தாள் ஒன்றில் எழுதச் சொன்னார். “1994, தை மாசம். கனெக்டிங் ராடு ஒடஞ்சு பிளாக்கு ஓட்டையாப் போச்சு. மதுரையில பழைய எஞ்சின் வாங்கி மாட்டுனது. எழுதிக்கிட்டியாலே? இடப்பக்கக் கதவு வேற வண்டியோடது. முன்மூடி அசல். கியர்பாக்ஸ் அசல், திறந்ததே இல்ல. பெயிண்டு மூணு தடவ. முதல்ல இருந்தது பச்ச, டேஷ்போர்டுக்கு உள்ள பாத்தா இன்னும் தெரியும்.” வாங்கிய ரசீது இருக்கிறதா என்று அன்பர் கேட்டார். பெரியப்பா உள்ளே போய், பழைய கணக்கு நோட்டுகளின் அடியிலிருந்து, கரையான் ஒரு மூலையை அரித்திருந்த ரசீதைக் கொண்டு வந்தார். எஞ்சின் எண் அதில் மையில் எழுதியிருந்தது. முன்பு எடுத்த பென்சில் அச்சோடு வைத்துப் பார்த்தோம். ஒவ்வோர் இலக்கமும் ஒத்திருந்தது.

அன்பர் முழுத்தாளை இரண்டு முறை படித்தார். எஞ்சின் மாற்றத்தை முறைப்படி புத்தகத்தில் ஏற்ற விண்ணப்பம் கொடுக்கலாம் என்றும், அதன் பிறகே மற்றதைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். முதலில் பேசிய விலையில் இருபதாயிரம் குறைத்தார். பெரியப்பா பேரம் பேசவில்லை. தாளின் அடியில் கையெழுத்திட்டு, தேதி போட்டு, ரசீதோடு சேர்த்து மடித்து ஆர்.சி. புத்தகத்தின் உறைக்குள் வைத்துக் கொடுத்தார்.

போகும்போது அன்பர் என்னிடம் மெதுவாக, தம் சிவப்புக் காரின் எஞ்சின் எண்ணை மறுபடி அச்செடுத்துப் பார்த்ததாகவும் அது 8-தான் என்றும் சொன்னார். தமக்கு அதை விற்றவரிடம் பழைய ரசீதுகள் ஏதேனும் உண்டா என்று கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறாராம். ஹெரால்டை லாரியில் ஏற்றி இழுத்துக் கட்டும்போது, பின்னிருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு கோழிமுட்டைகள் உருண்டன. பெரியப்பா அவற்றையும் எடுத்து அவரிடமே கொடுத்தார்.